கடல் விலகியது, விழா விலகவில்லை
சிங்கப்பூர்ச் சீனத் திருவிழாக்களும் அவற்றின் இடங்களும்



சீனப் புத்தாண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு மாணவர்களிடம் சொன்னால், சிவப்புத் தோரணமும் ஆரஞ்சுப் பழமும் 'ஹோங் பாவ்' அன்பளிப்பும் சிங்க நடனமும் தவறாமல் இடம்பெறும். என்ன உண்பார்கள், என்ன உடுத்துவார்கள், யாரைக் கண்டு வாழ்த்துவார்கள் என்பனவும் வரும். விழா எந்த இடத்தோடு பிணைந்திருக்கிறது, அந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வினாக்கள் புதியவை அல்ல. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். தெய்வம், உணவு, தொழில் முதலிய கருப்பொருள்கள் எல்லாம் அவ்விரண்டையும் அடியொற்றியே வருகின்றன. ஒரு சமூகத்தின் திருவிழாவையும் அவ்வாறே அணுகலாம். அது எந்தப் பொழுதில் நிகழ்கிறது, எந்த நிலத்தில் நிகழ்கிறது என்று முதலில் கேட்டால், மற்றவை தாமே விளங்கும்.

சிங்கப்பூரின் சீனத் திருவிழாக்களை இவ்வாறு நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. பொழுது இருநூறு ஆண்டுகளாக மாறவில்லை. நிலம் பெரிதும் மாறிவிட்டது. கடற்கரைகள் தூர்க்கப்பட்டன, குன்றுகள் வெட்டப்பட்டன, தீவுகள் பெருத்தன, இடுகாடுகள் சாலைகளாயின. பழைய நிலப்படத்தில் இருந்த பலவற்றை இன்று கண்ணால் காண இயலாது. ஆயினும் ஆண்டுதோறும் குறித்த நாளில் மக்கள் கூடி, அந்தப் பழைய நிலத்தை மீண்டும் ஒருமுறை நினைவில் எழுப்புகின்றனர். தெலுக் ஆயர், குசு தீவு, புக்கிட் பிரவுன் ஆகிய மூன்று இடங்களைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

பொழுது

இடங்களுக்குச் செல்லுமுன் பொழுதைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். சீன நாட்காட்டியைச் சந்திர நாட்காட்டி என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மையே. அதன் மாதங்கள் அமாவாசையன்று தொடங்குகின்றன. ஒவ்வொரு மாதமும் 29 அல்லது 30 நாள் கொண்டது. பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 354 நாள் வரும். சூரிய ஆண்டைவிட இது 11 நாள் குறைவு. இக்குறையை ஈடுசெய்ய 19 ஆண்டுகளில் ஏழு முறை கூடுதலாக ஒரு மாதம் சேர்க்கப்படுகிறது. இவற்றோடு, சூரியனின் ஆண்டுப் பாதையை 24 கூறுகளாகப் பகுத்த மற்றொரு கணக்கும் அதே நாட்காட்டிக்குள் இயங்குகிறது. முன்னோர்க்கு வழிபாடு செய்யும் சிங்மிங் நாள் அந்த 24 கூறுகளுள் ஒன்று. அதனால்தான் அது நிலவைப் பின்பற்றி அலையாமல், ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்திலேயே வருகிறது.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. நம் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன. சித்திரை முதல் நாள் ஏப்ரல் நடுவில் நிலைத்து நிற்கிறது. தீபாவளியும் நவராத்திரியும் நிலவைப் பார்த்து வருகின்றன. இரு கணக்குகளையும் ஒருங்கே கையாளும் பழக்கம் இரு மரபுகளுக்கும் உண்டு. சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் ஒன்பது பேரரசக் கடவுளர் விழா நடைபெறுகிறது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவ்விழாவும் நவராத்திரியும் ஒரே நாளில் தொடங்கின. 2025இல் சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இருமுறை வந்தமையால், ஒன்பதாம் மாதம் பின்னுக்குத் தள்ளப்பட்டு அக்டோபர் 21இல் தொடங்கியது. அதற்கு முந்தின நாள் சிங்கப்பூரில் தீபாவளி. நிலவு ஒன்றே, கணக்குகள் இரண்டு. வகுப்பறையில் இரு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர், இதைத் தாமே கண்டுகொள்வார்.

தெலுக் ஆயர்

மலாய் மொழியில் 'தெலுக்' என்பது விரிகுடா. 'ஆயர்' என்பது நீர். இன்று தெலுக் ஆயர் தெருவில் நிற்பவர்க்கு விரிகுடாவும் தெரியாது, நீரும் தெரியாது. நாற்புறமும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களே தெரியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தெருவே கடற்கரையாக இருந்தது. தென்சீனத்திலிருந்தும் தமிழகக் கடற்கரையிலிருந்தும் வந்தோர் பலர் கரையிறங்கிய இடம் இது.

கரையிறங்கியவர்கள் முதலில் செய்தது நன்றி செலுத்துவது. அதற்கான சான்றுகள் இத்தெருவில் இன்றும் வரிசையாக நிற்கின்றன. ஹக்கா, காந்தோனீஸ் மக்களின் ஃபுக் தக் சி கோயில் 1824இல் எழுந்தது. சூலியா முஸ்லிம்கள் 1827இல் கூரை வேய்ந்த குடிசையாகத் தொடங்கிய பள்ளிவாசலைத் தமிழர் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தனர். அதுவே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல். நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது அவர்களின் நினைவாகத் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. ஹொக்கியன் மக்களின் தியான் ஹோக் கெங் கோயில் 1839இல் தொடங்கப்பெற்று 1842இல் நிறைவுற்றது. அதன் கட்டுமானத்திற்குப் பெரும்பொருள் வழங்கியவர்களுள் ஒருவர், இன்று மருத்துவமனையின் பெயரால் நாம் அனைவரும் அறிந்துள்ள டான் டோக் செங்.

தியான் ஹோக் கெங்கின் முதன்மைத் தெய்வம் மாசு என்னும் கடலன்னை. ஃபூஜியான் மாநிலத்து மெய்சோ தீவில் 10ஆம் நூற்றாண்டில் பிறந்த ஒரு பெண், கடலில் தத்தளித்தோரைக் காத்து, பின் தெய்வமாகப் போற்றப்பட்டார் என்பது மரபு. சீன மூன்றாம் மாதத்தின் 23ஆம் நாள் அவருடைய பிறந்தநாள். 1840இல் மாசுவின் திருவுருவம் சீனத்திலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டபோது, நெடிய ஊர்வலமாக வரவேற்கப்பட்டது. சிறு ஓடங்களிலும் பாய்மரக் கப்பல்களிலும் பல வாரம் பயணம் செய்து வந்தோர்க்கு, கடலை நோக்கி நின்ற அக்கோயில் வெறும் வழிபாட்டிடமாக மட்டும் இருந்திருக்க முடியாது. உயிரோடு வந்து சேர்ந்தோம் என்பதற்கு அதுவே முதற்சான்று. சில அடி தொலைவில் நாகூர் தர்காவில் நின்ற தமிழ் முஸ்லிமின் உள்ளமும் வேறுபட்டிருக்காது. நாகூர் ஆண்டவரும் கடலோடிகளின் காவலராகப் போற்றப்பட்டவரே. இரு சமயங்கள், இரு மொழிகள். ஆயினும் கடலைக் கடந்த அச்சமும் கரை கண்ட நிம்மதியும் ஒன்றே.

1879 முதல் இவ்விரிகுடா தூர்க்கப்படலாயிற்று. அருகிலிருந்த வாலிச் குன்று வெட்டப்பட்டு, அதன் மண் கடலில் கொட்டப்பட்டது. செசில் தெருவும் ராபின்சன் சாலையும் அவ்வாறு கிடைத்த நிலத்தில் அமைந்தன. 20ஆம் நூற்றாண்டில் ஷென்டன் வே வந்தது. பின்னர் மரீனா பகுதி முழுவதும் எழுந்தது. ஒரு குன்றும் ஒரு விரிகுடாவும் ஒருசேர மறைந்தன. 1907இல் சீனப் பேரரசர் குவாங்சூ தியான் ஹோக் கெங்கிற்கு ஒரு பெயர்ப்பலகை அருளினார். தென்கடலின் அலைகள் அடங்கி அமைதி நிலவுக என்பது அதன் கருத்து. அது வந்து சேர்ந்த காலத்தில் கோயிலின் முன்னே அலைகளே இல்லை.

மணிமேகலையில், இந்திர விழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று படிக்கிறோம். தெலுக் ஆயரில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. இங்குக் கடலை நகரம் கொண்டது, விழா மறக்கப்படவில்லை. மூன்றாம் மாதத்தின் 23ஆம் நாள் கடலன்னையின் பிறந்தநாள் கொண்டாடப்படும்போதெல்லாம், கோயிலின் வாயிலுக்கு முன்னே கடல் இருந்தது என்னும் வரலாறு மீண்டும் உயிர் பெறுகிறது.

விழா நீங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே தெரு சான்று தருகிறது. ஃபுக் தக் சி 1994இல் கோயிலாக இயங்குவதை நிறுத்தியது. 1998 முதல் அது அருங்காட்சியகம். கட்டடம் செவ்வனே காக்கப்பட்டுள்ளது. பள்ளி மாணவர் கண்டு பயன்பெறுகின்றனர். எனினும் காட்சிப்பொருளைக் காண வருபவர்க்கும் நேர்த்திக்கடன் செலுத்த வருபவர்க்கும் வேறுபாடு உண்டு. முன்னவர் கேட்டு அறிகிறார். பின்னவர் அறிந்து வருகிறார்.

குசு தீவு

தெலுக் ஆயரிலிருந்து கடல் விலகியபின், கடலைத் தேடிச் செல்லும் விழா ஒன்று நிலைத்து நின்றது. அது குசு தீவு யாத்திரை. சிங்கப்பூரின் தென்கரையிலிருந்து ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ளது குசு. ஹொக்கியன் மொழியில் அப்பெயருக்கு ஆமைத் தீவு என்று பொருள். கடலில் மூழ்கவிருந்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காக்க ஓர் ஆமை தன்னையே தீவாக்கிக் கொண்டது என்பது மக்கள் வழங்கும் கதை.

சீன ஒன்பதாம் மாதம் முழுவதும் இங்கு யாத்திரைக் காலம். 1923இல் கட்டப்பட்ட டுவா பெக் கோங் கோயிலில் மக்கள் முதலில் வழிபடுகின்றனர். பின்னர் 152 படிகள் ஏறி, குன்றின் உச்சியிலுள்ள மூன்று மலாய்க் கெராமாட்டுகளுக்குச் செல்கின்றனர். அவை சையது அப்துல் ரஹ்மான், அவருடைய தாயார், தங்கை ஆகியோர் நினைவாக அமைந்த சமாதிகள் என்பர். மஞ்சள் வண்ணம் பூசிய அவ்விடங்களில் குழந்தைப்பேறும் நலமும் வேண்டி நிற்பவர்களுள் பெரும்பாலோர் சீனர்கள். ஒரே யாத்திரையில் சீனக் கடவுளும் மலாய்ப் பெரியாரும் அடுத்தடுத்து வணங்கப்படுகின்றனர். ஒன்பதாம் மாதத்தின் ஒன்பதாம் நாள் உயர்ந்த இடங்களுக்கு ஏறிச் செல்லும் பழைய சீன வழக்கத்தையும் இங்கு நினைவுகூரலாம்.

குசுவின் நிலமும் மாறியதே. ஒன்றேகால் எக்டருக்கும் குறைவாக, பாறைத் திட்டுகளாக இருந்த தீவு, 1975இல் நிலமீட்பால் 8.5 எக்டராக விரிந்தது. முன்பு கடல்நீர் கோயிலின் அடியைத் தொட்டது. இன்று இடையில் புல்வெளியும் நீர்க்குளமும் உள்ளன. தீவுக்குச் செல்லும் வழியும் மாறிற்று. 1933இல் திறக்கப்பட்ட கிளிஃபர்ட் படகுத்துறையிலிருந்தே பல தலைமுறையினர் குசுவுக்குப் படகேறினர். சீனர்கள் அதனைச் செவ்விளக்குத் துறை என்று அழைத்தனர். உண்மையில் அச்செவ்விளக்கு அதற்கு முன்பிருந்த ஜான்ஸ்டன் படகுத்துறையில் தொங்கியது. துறை இடம் மாறியபோது மக்கள் பெயரையும் உடன் எடுத்துச் சென்றனர். மரீனா விரிகுடாவின் வாயிலில் அணை எழுப்பி, அதனை நன்னீர்த் தேக்கமாக்கும் பணி நடைபெற்றபோது, கடற்படகுகள் உள்ளே வர வழியில்லாமற் போயிற்று. 2006 முதல் குசு படகுகள் மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து புறப்படுகின்றன. முன்னொரு காலத்தில் கப்பல்கள் நங்கூரமிட்ட உப்புநீர், இன்று நம் இல்லங்களின் குடிநீருக்குத் துணையாகிறது. யாத்திரையோ மூன்றாவது துறையைத் தேடிக்கொண்டு தொடர்கிறது.

தொடர்கிறது என்பதால் கவலை இல்லை என்று பொருளாகாது. முன்னாளில் இருந்த கூட்டம் இப்போது இல்லை. யாத்திரை செய்வோரில் முதியோர் மிகுதி, இளையோர் குறைவு. 2022 ஏப்ரலில் குன்றின் உச்சியிலிருந்த கெராமாட்டுகள் தீக்கிரையாகிச் சேதமுற்றன. கல்லும் மரமும் கொண்டு கட்டியவற்றை மீண்டும் கட்டலாம். படியேறி வந்து நிற்கும் வழக்கம் ஒரு தலைமுறையில் அறுந்தால், அதனைக் கட்டித் தருவதற்குக் கொத்தனார் எவரும் இல்லை.

புக்கிட் பிரவுன்

மூன்றாவது இடம் ஒரு குன்று. ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற ஆங்கில வணிகரின் பெயரால் வழங்கும் புக்கிட் பிரவுன், 1922 சனவரி முதல் நாள் நகராட்சியின் சீன இடுகாடாகத் திறக்கப்பட்டது. சீனர்கள் அதனைக் 'கோப்பி சுவா', அதாவது காப்பிக் குன்று என்றனர். 1973இல் மூடப்படும்வரை ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். கோடீஸ்வர வணிகர்களும் பெயர் அறியாத கூலித் தொழிலாளிகளும் ஒரே குன்றில் துயில்கின்றனர். சில பெரிய கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகை அணிந்த சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. அக்காலச் சிங்கப்பூரில் செல்வர் இல்லங்களையும் பண்டகசாலைகளையும் காத்தவர்கள் சீக்கியர்கள். இறந்தபின்னும் அவர்களே காவல் நிற்க வேண்டும் எனச் சீனக் குடும்பங்கள் விரும்பின.

சிங்மிங் காலத்தில் குடும்பத்தினர் விடியுமுன்பே குன்றேறுவர். புதர் அகற்றிக் கல்லறையைத் துப்புரவு செய்து, மங்கிய எழுத்துகளுக்கு மீண்டும் வண்ணம் தீட்டுவர். பலவண்ணத் தாள்களைக் கல்லறை மேட்டில் பரப்பிக் கற்களால் அழுத்தி வைப்பர். இக்கல்லறைக்கு உரியோர் இருக்கின்றனர், வந்து சென்றனர் என்பதற்கு அத்தாள்களே அடையாளம். உணவு படைத்தபின் குடும்பமாக அமர்ந்து உண்பதும் உண்டு. கொள்ளுப்பாட்டனின் பெயரையும் அவர் பிறந்த சிற்றூரின் பெயரையும் சிறுவர் முதன்முதலில் படிப்பது பெரும்பாலும் அந்தக் கல்லில்தான். சீனக் கல்லறைகளில் முன்னோரின் பூர்வீக ஊரைப் பொறிப்பது மரபு.

2011இல் இக்குன்றின் குறுக்கே ஒரு பெருஞ்சாலை அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 கல்லறைகள் அகற்றப்பட வேண்டியதாயிற்று. அகற்றுமுன் அவற்றை ஆவணப்படுத்தும் பணியை ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் மேற்கொண்டனர். இன்று லோர்னி நெடுஞ்சாலையில் வாகனங்கள் செல்கின்றன. நிலம் சுருங்கிய நாட்டில் இறந்தோர்க்கும் வாழ்வோர்க்கும் இடையே இடப்பங்கீடு எளிதன்று. புதிய அடக்கங்களுக்கு 15 ஆண்டு வரம்பு 1998 முதல் நடைமுறையில் உள்ளது. சிங்மிங் வழிபாடு இன்று பெரும்பாலும் சாம்பல் பேழைகளை வைக்கும் மாடங்களில் நடைபெறுகிறது. அங்குப் புதர் இல்லை, மேடு இல்லை, தாளை அழுத்தக் கல்லும் தேவையில்லை. வழிபாடு நிலைத்தது, அதன் உழைப்பு குறைந்தது, ஊர்ப்பெயர் பொறித்த பெருங்கல் சிறு பலகையாயிற்று. தெலுக் ஆயரில் விழா தன் இடத்திலேயே நின்று மறைந்த கடலை நினைவூட்டுகிறது. குசுவில் விழா கடலைத் தேடி நகர்கிறது. புக்கிட் பிரவுனில் விழா தன் நிலத்தை விட்டுப் பிரிந்து சென்றது. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது.

நாம் செய்யத்தக்கது

இவற்றைத் தமிழ் மாணவர்கள் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். தெலுக் ஆயரின் கடற்கரை சீனருடையது மட்டும் அன்று. குச்சுப் பள்ளியும் நாகூர் தர்காவும் அதே கரையில் எழுந்தவை. அண்டை வீட்டாரின் விழாவை அதன் உணவால் மட்டும் அறிந்தால், விருந்தினராகவே இருப்போம். அதன் நிலத்தால் அறிந்தால், ஒரே கரையில் இறங்கியோர் என்னும் உறவு தெரியவரும். அந்த அறிவு நம் விழாக்களை நோக்கவும் நமக்குக் கண் தரும். தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலைக்கு ஏன் செல்கின்றன? தீமிதிக்குச் செல்வோர் எந்தக் கோயிலிலிருந்து புறப்பட்டு எந்தக் கோயிலை அடைகின்றனர்? அவ்வழியில் முன்பு என்ன இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர், நகரத்தின் வரலாற்றை நடந்தே படிப்பார்.

ஆசிரியர்கள் மூன்று பொருள்களை வகுப்புக்குக் கொண்டுவரலாம்: 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் நிலப்படம் ஒன்று, இன்றைய நிலப்படம் ஒன்று, சீனத் தேதிகளும் தமிழ்த் தேதிகளும் காட்டும் நாட்காட்டி ஒன்று. பழைய கரையோரத்தை இன்றைய படத்தின்மீது மாணவர்கள் வரைந்து பார்க்கட்டும். பின்னர் தெலுக் ஆயர் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கட்டும். வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவரிடம், குசுவுக்கு எந்தத் துறையிலிருந்து சென்றீர்கள், சிங்மிங் நாளில் எந்தக் குன்றில் ஏறினீர்கள் என்று கேட்கட்டும். ஜான்ஸ்டன் துறையின் செவ்விளக்கைக் கண்டவர் இன்று நம்மிடையே அரிது. கிளிஃபர்ட் துறையில் படகேறியவர்கள் இன்னும் பலர் உள்ளனர். அவர்கள் சொல்வதைக் கேட்டு, கேட்டதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டிய காலம் இதுவே.